ஆறு பேர், நூற்றெட்டுத் துண்டு

அத்தியாயம் 6: ஒட்டுப்போர்வை தைக்கும் குழுவைத் தொடங்குவது

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் விடிந்ததும் ஷூ கம்பெனி வேன்கள் கிராமங்களை நோக்கிக் கிளம்பிவிடும். டிபன் பாக்ஸும் கையுமாக ஏறும் பெண்களில் பெரும்பாலோர் போய் உட்காருவது தையல் பிரிவில். ஷூவின் மேல்பாகத்துக்கு அங்கே ‘அப்பர்’ என்று பெயர். ஒருவர் லைனிங்கை இணைப்பார், அடுத்தவர் நாக்கைத் தைப்பார், அதற்கடுத்தவர் குதிகால் பட்டையைப் பொருத்துவார். ஒரே வேலை, ஒரே அளவு, நாள் முழுக்க. பத்து வருடம் லைனில் உட்கார்ந்தவர்களிலும், ஒரு ஷூவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே தைத்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தக் கைகளுக்காகத்தான் இந்த அத்தியாயம். பழைய துணியைத் துண்டுகளாக வெட்டி, ஒட்டுச் சேர்த்து, இரண்டு மூன்று அடுக்காக வைத்துத் தைக்கும் போர்வையை உலகம் குயில்ட் என்கிறது. வங்காளத்தில் அது காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, பீகாரில் சுஜனி. காந்தா என்ற பெயரும் நம் ‘கந்தை’யும் ஒரே வேரில் பிறந்தவை. நம் வீடுகளில் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து ஓரம் ஓட்டி, பிள்ளைக்கு விரிக்கும் துணியும் இந்தக் குடும்பம்தான். அதற்குத் தனிப் பெயர் வைக்காமலேயே தைத்துக்கொண்டிருக்கிறோம்.

வாணியம்பாடியில் தையல் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. தைத்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவும், நாலு பேர் கூடி உட்கார்ந்து தைக்கவும் ஓர் இடம்தான் வேண்டும். அந்த இடத்தை உருவாக்கும் வழியைப் பார்ப்போம்.

தோல் கற்றுக்கொடுத்தது

அப்பர் தைப்பவருக்குப் பொறுமை வந்ததே தோலால்தான். தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் அந்தத் துளை மூடாது. தவறிப்போனால் பிரித்துத் தைக்க முடியாது, துண்டே வீண். அதனால் ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, வளைவிலும் பிசகாமல் நேராகப் போகக் கை பழகிவிடுகிறது. குண்டூசி குத்தாமல் கிளிப்போ பசையோ வைத்துப் பிடித்துக்கொள்ளவும், தைத்த இணைப்பைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கவும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கண்ணாலேயே எண்ணவும் பழகிவிடுகிறது. ஒட்டுப்போர்வைக்கு வேண்டிய ஒழுங்கில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

மாற்றிக்கொள்ள வேண்டியது மீதிப் பாதி. தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர். துணி இழுத்தால் நீளும், குறுக்காக வெட்டினால் இன்னும் நீளும். அதனால் தோலைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சுத்திக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி. தோல் ஊசியின் முனை வெட்டிக்கொண்டு இறங்கும், துணியில் அது இழையை அறுத்துவிடும். சாதாரணத் துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி போதும், அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது 16. ஷூவுக்குப் போடும் கெட்டி நைலான் நூலும் இங்கே ஆகாது. துணியைவிட நூல் வலுவாக இருந்தால் நாளடைவில் நூல் நிற்கும், துணி கிழியும். பருத்தி நூலையோ மெல்லிய பாலியெஸ்டர் நூலையோ எடுத்துக்கொள்ளலாம்.

பிரித்துத் தைக்கலாம் என்ற சலுகை துணியில் உண்டு. லைனிலிருந்து வருகிறவருக்கு இதை நம்பவே இரண்டு வாரமாகும். கோணிப்போன ஒரு கட்டத்தைப் பிரித்து, நீவி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் பழைய துளைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

யாரை அழைப்பது, எங்கே உட்காருவது

ஆறு பேர் போதும். பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே தெருவில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர், வீட்டில் பீடி சுற்றுகிறவர், ஊதுபத்தி உருட்டுகிறவர், பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர், கண் மங்கினாலும் கைத்தையல் மறக்காத பாட்டி என்று கலந்து சேர்த்தால் குழு நிலைக்கும். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் நாலு பேர் சேர்ந்து வேலை செய்வது இந்தப் பகுதிக்குப் பழகிய காட்சிதான். அதே திண்ணையில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் துணியோடு உட்காரப் போகிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தயாரான அச்சு இருக்கிறது. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் சுய உதவிக் குழுக்கள் முதலில் உருவானது பக்கத்து மாவட்டமான தருமபுரியில். அதன் பிறகு வந்த தலைமுறைக்கு வருகைப் பதிவும் தீர்மான நோட்டும் வாராந்தரச் சேமிப்பும் தண்ணீர்பட்ட பாடு. தையல் குழுவும் அந்தப் பழக்கத்திலேயே நடக்கட்டும். ஒரு நோட்டில் யார் வந்தார், எந்தத் துணியைக் கொண்டுவந்தார், எத்தனை துண்டு முடிந்தது, நூலுக்கும் ஊசிக்கும் என்ன செலவு என்று எழுதி வைக்கவும். பணம் பின்னால் வரும்போது சண்டை வராமல் காப்பது இந்த நோட்டுதான்.

வாணியம்பாடியில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் உருதும் பேசுவார்கள். ஒரு வீட்டில் அக்கா, இன்னொரு வீட்டில் ஆபா. வெளியே போய் வேலை செய்யாத பெண்களும் நிறைய. அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் தயங்காமல் வரக்கூடிய வீடா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டை மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது. டீயும் பிஸ்கட்டும் ஒருவர் தலையிலேயே விழாது.

தவறைச் சொல்லும் முறையையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். கம்பெனியில் தவறு என்றால் சூப்பர்வைசர் குரல் உயர்த்துவார், டார்கெட் குறையும். இங்கே “அக்கா, இந்த மூலை ஒட்டலை, ரெண்டு பேரும் சேர்ந்து பிரிச்சுடலாமா?” என்று கேட்டால் போதும். தவறைக் காட்டுகிறவரே பிரிக்கவும் உதவ வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால், வீணாகக் குறை சொல்ல ஆள் இருக்காது.

முதல் போர்வையின் கணக்கு

முதல் முயற்சியிலேயே கட்டில் அளவுக்குப் போகக் கூடாது. குழந்தைப் போர்வை, 36 அங்குல அகலம், 48 அங்குல நீளம். இதற்கான கணக்கு எளிது.

ஒன்பது சதுரம் சேர்ந்தது ஒரு கட்டம். நாலரை அங்குலச் சதுரமாக வெட்டினால், நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய், நாலு அங்குலம் கண்ணுக்குத் தெரியும். மூன்று வரிசை, மூன்று சதுரம்: கட்டத்தின் அளவு 12 அங்குலம். அகலத்தில் மூன்று கட்டம், நீளத்தில் நாலு கட்டம், மொத்தம் பன்னிரண்டு. ஆக 108 சதுரம். மூலைகளிலும் நடுவிலும் கருநிறம், இடையில் வெளிர்நிறம் என்று வைத்தால் ஒரு கட்டத்துக்கு ஐந்தும் நாலும். மொத்தத்தில் கருநிறம் 60, வெளிர்நிறம் 48. ஆறு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு கட்டம், பதினெட்டுத் துண்டு.

வெட்டுவதற்கு விலையுயர்ந்த உருளைக் கத்தி வேண்டாம். கெட்டி அட்டையில் நாலரை அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, அதை வைத்து வரைந்து கத்தரித்தால் போதும். ஆறு பேரும் அந்த ஒரே அட்டையைப் பயன்படுத்த வேண்டும். ஆளுக்கொரு அட்டை செய்தால் நூலிழை வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் ஒன்றுதான் இருக்கும் என்பது இவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி ஒரே ஒரு கட்டத்தைக் கிட்டப் பார்ப்போம். மூன்று மூன்று சதுரமாகச் சேர்த்து மூன்று பட்டை தைத்தாயிற்று. இப்போது பின்பக்கம் திருப்பினால் தையலுக்கு விட்ட ஓரங்கள் துருத்திக்கொண்டிருக்கும். முதல் பட்டையிலும் மூன்றாவது பட்டையிலும் அந்த ஓரங்களை வெளிப்பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். நடுப்பட்டையில் உள்பக்கமாக. பிறகு பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், எதிரெதிராகச் சாய்ந்த ஓரங்கள் விரலுக்கடியில் ‘டக்’கென்று ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை விரல் உணர்ந்ததும் அங்கே ஒரு கிளிப் போட்டுத் தைத்தால் நாலு சதுரமும் ஒரே புள்ளியில் சந்திக்கும். கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தால் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரலின்மேல் இன்னொருவர் விரலை வைத்து அழுத்திக் காட்டினால் ஒரே நிமிடத்தில் வந்துவிடும்.

மேல்துணி முடிந்தால் அடித்துணியை 40-க்கு 52 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பது, தைக்கும்போது நகர்ந்தாலும் சமாளிக்க. நடு அடுக்குக்கு மெல்லிய பழைய பருத்திச் சேலையே போதும், நம் ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம். மார்கழிக் குளிருக்கோ ஏலகிரி மலைக்குக் கொண்டுபோகவோ என்றால் மெத்தைக் கடையில் பஞ்சு வாங்கிப் பரப்பலாம். அப்படிப் பஞ்சு வைத்தால் தையல் கோடுகளுக்கு நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்குமேல் இடைவெளி விடக் கூடாது. விட்டால் முதல் துவையலிலேயே பஞ்சு உருண்டு மூலைக்குப் போய்விடும்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, கச்சா தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளவும். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குத் தைத்துப் போனால் அடித்துணி மடங்காது. ஓரப் பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில் துணிப் பட்டைகளை இணைத்து 180 அங்குல நீளம் எடுத்தால், சுற்றளவான 168 அங்குலமும் மூலை மடிப்பும் போக மிச்சம் இருக்கும். வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்தாறு ஞாயிறுகளில் போர்வை முடியும்.

துணி கூப்பிடு தூரத்தில்

புதுத் துணி வாங்க வேண்டாம். டெய்லர் கடை மூலையில் மூட்டையாகக் கிடக்கும் பிளவுஸ் துண்டுகளில் நாலரை அங்குலம் தாராளமாகக் கிடைக்கும். குடியாத்தம் கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்ற ஊர். வீட்டுக்கு வீடு கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றாவது இருக்கும். அந்தக் கட்டங்கள் நெய்தபோதே விழுந்த நேர்க்கோடுகள். புதிதாகக் கற்கிறவர் ஸ்கேல் இல்லாமலே அதைப் பிடித்துக்கொண்டு நேராக வெட்டலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு லுங்கி, குழந்தைப் போர்வையின் அடித்துணிக்கு அப்படியே போதுமானது.

எந்தத் துணியானாலும் முதலில் துவைத்துக் காயப்போட்டு எடுக்கவும். பருத்தி சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தியையும் நைலெக்ஸையும் ஒரே போர்வையில் கலக்க வேண்டாம். ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது.

தோல் துண்டு என்ன ஆகும் என்ற கேள்வி இந்த ஊரில் கட்டாயம் வரும். லைனிங்குக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகளில் இதே ஒன்பது சதுரக் கட்டத்தைத் தைக்கலாம். துவைக்க முடியாது என்பதால் போர்வைக்கு உதவாது, பைக்கும் திண்டு உறைக்கும் நன்றாக இருக்கும். தோல் ஊசி, கிளிப், ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் பாதம் ஆகியவை வேண்டும். பசை பூசும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். மிஞ்சிய குரோம் தோல் துண்டுகளை அடுப்பிலோ குப்பையிலோ போட்டுக் கொளுத்தவே கூடாது. எரியும்போது அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். பாலாற்றங்கரைத் தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவு என்றால் என்னவென்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். தையல் குழுவும் தன் பங்குக்குக் கவனமாக இருக்கட்டும்.

போய்ப் பார்க்க, கேட்டுக் கற்க

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அங்குள்ள லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தாண்டாக்களில் பாரம்பரிய ஊசி வேலை அநேகமாக மறந்துபோயிருந்தது. அதை நினைவில் வைத்திருந்த வயதான பெண்கள் ஓரிருவர்தான். அவர்களைத் தேடிப் பிடித்து, பழைய பாவாடைகளிலிருந்த தையல்களைப் பார்த்துப் பார்த்து இளம்பெண்கள் கற்றார்கள். அப்படி உருவான கூட்டமைப்பின் பெயர் ‘போர்கை’. அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். வாணியம்பாடிக் குழுவுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: ஊரில் யாருக்குப் பழைய தையல் தெரியும் என்று முதல் மாதத்திலேயே விசாரித்துவிட வேண்டும். காத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது.

சென்னையில் டினா கட்வால் நடத்தும் ‘தி ஸ்கொயர் இன்ச்’ குயில்ட்டுக்கென்றே உள்ள பயிற்சிக் கூடம். அவரும் நண்பர்களும் முன்னின்று 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குயில்ட் திருவிழாவை நடத்தினார்கள். குழுவில் ஒருவரை அனுப்பி ஒரு பயிற்சியில் உட்காரவைத்தால், திரும்பி வந்து மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். அவர் பஸ் கட்டணத்தைக் குழுச் சேமிப்பிலிருந்து கொடுப்பதுதான் முறை.

மெஷினே மிதித்திராதவர் குழுவில் இருந்தால், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் தையல் பயிற்சி இலவசம். எப்போது அடுத்த வகுப்பு என்று வங்கிக் கிளையிலோ மகளிர் திட்ட அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். ஒட்டுத்துணி அழகை நம் மண்ணிலேயே பார்க்க விரும்பினால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போகலாம். தேரில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளும் தோரணங்களும் வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைத்தவைதான்.

மற்ற ஊர்களில் சேர்ந்து தைத்தவர்கள்

கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாளப் பகுதிகளில் சித்திப் பெண்கள் வாழ்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். இவர்கள் தைக்கும் ‘கவந்த்’ போர்வைக்கு வரைபடம் கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்து, உள்நோக்கி நகர்ந்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்துத் தைத்த சிறு முக்கோணம் ஒன்று இருக்கும். அதற்குப் ‘பூலா’ என்று பெயர், அதாவது பூ. அது இல்லாத போர்வையை அம்மணம் என்பார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று சமயத்துப் பெண்களும் இதைத் தைக்கிறார்கள். பிறையும் சிலுவையும் ஒட்டுகளுக்கு நடுவே வந்து உட்காரும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் வட்டாரத்தில் கறுப்பினப் பெண்கள் 1966-இல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஓட்டுரிமைக்காகப் போராடிய காலம் அது. 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் தலையணை உறைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே அளவு, ஒரே துணி, ஷூ லைன் மாதிரிதான். ஆனால் வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீட்டுக்குப் போயின. அதே வட்டாரத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண்கள் அவற்றில் தங்கள் மனம்போல் போர்வை தைத்தார்கள். 2002-இல் அந்த ஊர்ப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. கம்பெனிக்குத் தைத்த உறைகள் விற்றுப் போய்விட்டன. மிச்சத்துணியில் தங்களுக்காகத் தைத்ததைப் பார்க்கத்தான் ஊர் திரண்டது.

விற்பதா, வைத்துக்கொள்வதா

முதல் போர்வையை விற்க வேண்டாம். ஆறு பேர் வீடுகளில் யார் வீட்டில் அடுத்து பிள்ளை பிறக்கிறதோ அங்கே கொடுத்துவிடலாம். பயன்படுத்தித் துவைத்துப் பார்த்தால்தான் எந்தத் தையல் விட்டது, எந்தச் சாயம் ஓடியது என்று தெரியும். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதிலிருந்து விலை பேசலாம். சுய உதவிக் குழுக்களின் பொருள்களுக்கென மாவட்டங்களில் இருக்கும் பூமாலை வணிக வளாகமும் கண்காட்சிகளும் முதல் கடையாக இருக்கட்டும். விலை போடும்போது நோட்டிலுள்ள மணிக்கணக்கைக் கூட்டி, கம்பெனியில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் கூலியாவது அதில் வருகிறதா என்று பார்க்கவும். வரவில்லை என்றால் விலையைக் குறைக்காமல், சிறிய பொருளுக்கு மாறுங்கள். ஒரே கட்டத்தில் ஒரு திண்டு உறை முடிந்துவிடும்.

போர்வையை மடித்துக் கொடுக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. அடித்துணியின் ஒரு மூலையில் உள்ளங்கை அகல வெள்ளைத் துணி ஒன்றை வைத்து, நாலு பக்கமும் மடித்துக் கைத்தையல் போடவும். அதில் ஊர், மாதம், ஆண்டு, பிறகு ஆறு பெயர்கள். தமிழில் எழுதுகிறவர் தமிழில், உருதுவில் எழுதுகிறவர் உருதுவில். பென்சிலால் அவரவர் எழுதி, அந்தப் பென்சில் கோட்டின்மேலேயே அவரவர் ஊசியால் வண்ண நூல் ஓட்ட வேண்டும். எழுதத் தெரியாதவர் இருந்தால் பூலாபோல ஒரு சிறு முக்கோணத்தை மடித்து, தன் பெயர் வர வேண்டிய இடத்தில் தைத்துவிடட்டும்.